தாடை மூட்டு நோ: யாழ்ப்பாணத்தில் எந்த வழிக்கு எவ்வளவு பலன்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு குமிழ் உருள்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. அங்கே மாதக்கணக்கில் நோ இருப்பவர்களில் பலர் முதலில் காது டொக்டரிடம் போகிறார்கள். பிறகு கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குகிறார்கள். அதற்கும் அடங்காதபோதுதான் தாடையைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் கையிலிருந்த காசு கரைந்துவிடும்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த நோவில் செலவு குறைந்த வழிகளுக்குத்தான் மருத்துவ ஆதாரம் கூட. 2023 டிசெம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியான சர்வதேச வழிகாட்டல், நாட்பட்ட தாடை நோவுக்குப் பயிற்சி, தசையைக் கையால் தளர்த்தும் பிசியோதெரபி, நோவைக் கையாளப் பழக்கும் உளவள சிகிச்சை ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பல்லில் மாட்டும் நைற் கார்ட்டையும் பொட்டொக்ஸ் ஊசியையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது. ஊரில் நடப்பதோ தலைகீழ். காசு முதலில் நைற் கார்ட்டுக்குப் போகிறது, பயிற்சியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஒப்பிட முன்னர் விலக்க வேண்டியவை

நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு தாடைக்கு ஏறும் நோ மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி, சப்பும்போது தாடை சோர்வு, கண் மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. தாமதித்தால் பார்வை போகலாம். காய்ச்சலோடு கன்னம் வீங்கி வாய் திறபடாவிட்டால் அது பல்லடிச் சீழாக இருக்கலாம். வாய் திறந்தபடி நின்று மூட முடியாவிட்டால் மூட்டு விலகியிருக்கிறது. வீட்டில் அமுக்கிப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் கையாலேயே உள்ளே தள்ளிவிடுவார்கள்.

வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வாய் மெல்ல மெல்லச் சிறுத்து, உறைப்புப் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளிறி நார்போல இறுகினால் அது மூட்டு வருத்தம் அல்ல. பாக்கினால் வருவது, புற்றுநோயாக மாறக்கூடியது. அதற்குப் பயிற்சி செய்து நாளைக் கடத்தக்கூடாது.

மூட்டில் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்து நோ இல்லாவிட்டால் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை.

வீட்டு வழியும் நைற் கார்ட்டும்

இவை இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. எந்நேரம் நோ கூட என்று ஒரு கிழமை குறித்து வையுங்கள். காலையில் எழும்பும்போது தாடை இறுகியிருந்தால் இரவில் பல்லை நெருமுகிறீர்கள். பின்னேரம் ஏறினால் பகலில் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னதற்கு இரவில் மாட்டும் நைற் கார்ட் எதைச் செய்யும்?

பகல் பழக்கத்துக்கு மருந்து நாக்கில் இருக்கிறது. 'அன்னம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ன்' ஒலிக்கையில் நுனிநாக்கு மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஒரு மேட்டைத் தொடும். நாக்கு அங்கேயே இருக்கட்டும், உதடு மூடியிருக்கட்டும், பற்கள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே தேவையில்லை. தையல் மெசினிலோ கணினியிலோ ஒரு சின்ன நிறப்பொட்டை ஒட்டி, அதைக் காணும் போதெல்லாம் பல்லைப் பிரித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு கண்ணாடி போதும். நாக்கை அதே மேட்டில் வைத்தபடி, தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்துத் திறந்து மூடுங்கள். தடவைக்கு 6 முறை, நாளுக்கு 6 தடவை. பிறகு கன்ன எலும்புக்கும் தாடை மூலைக்கும் இடையில், பல்லைக் கடித்தால் புடைக்கும் தசையை இரண்டு விரலால் வட்டமாக 2 நிமிடம் உருவிவிடுங்கள். அதற்கு முன் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துவாயால் 15 நிமிடம் ஒத்தணம். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகே கன்னத்தில் வைக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: முதல் நாளே வாயை அகல இழுத்து, நோ கூடியதும் பயிற்சி சரிவராது என்று விட்டுவிடுகிறார்கள். இலேசாக இழுபடும் அளவோடு நிறுத்த வேண்டும், நோகும் அளவுக்குப் போகக்கூடாது.

சாப்பாட்டில் புழுக்கொடியல், கச்சான், பருத்தித்துறை வடை, கணவாய் நாலு கிழமைக்கு வேண்டாம். இடியப்பமும் சொதியும், குழைசாதம், கஞ்சி நல்லவை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கடித்துச் சூப்பாமல் வெட்டி உண்ணலாம். கொட்டாவி வந்தால் நாடியின் கீழ் முட்டியைக் கொடுத்துத் தாங்குங்கள்.

பலனை நோவால் மட்டும் அளக்காதீர்கள். அடிமட்டத்தால் மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே அளந்து ஞாயிறுதோறும் எழுதுங்கள். வளர்ந்தவர்களுக்கு 40 முதல் 50 மில்லிமீற்றர் வழமை. 35க்குக் கீழே நின்றால் பல் வைத்தியரைப் பாருங்கள்.

நைற் கார்ட்டை நாங்கள் முற்றாக ஒதுக்கவில்லை. இரவு நெருமலால் பல் தேய்பவருக்கு, பல்லைக் காக்க அது உதவும். நோவைக் குறைக்கும் என்ற வாக்குறுதிக்குத்தான் ஆதாரம் மெலிவு. வாங்குவதானால் வகை பார்த்து வாங்குங்கள். மென்மையானது மலிவு, கெதியில் கிடைக்கும். பலமாக நெருமுபவர் அதைச் சில மாதத்தில் கடித்துக் கிழித்துவிடுவார். சிலர் அதைச் சப்பத் தொடங்கி நோவைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. அக்றிலிக்கில் செய்யும் கடினமானது விலை கூட, வருடக்கணக்கில் நிற்கும். அதற்கு இரண்டு தாடைக்கும் அச்செடுத்து, மாட்டிய பிறகு நிறத்தாளைக் கடிக்கவைத்து, இரண்டு பக்கமும் சமமாகப் படும்வரை தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் முட்டி, மூட்டு இன்னும் நோகும். காசு கட்ட முன்னர் கேளுங்கள்: கடினமானதா, எல்லாப் பல்லையும் மூடுமா, சரிசெய்யும் வருகைகள் விலைக்குள் அடக்கமா? சில பற்களை மட்டும் மூடுவதைத் தொடர்ந்து போட்டால் மூடாத பல் எழும்பிக் கடி மாறிவிடும். சுடுதண்ணியில் போட்டுக் கடித்துப் பதிக்கும் விளையாட்டுக் கார்ட் இதற்கு வேண்டாம்.

நோவுக்காக உங்கள் சொந்தப் பல்லையே தேய்த்துச் சரிசெய்வோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தேய்த்த பல் திரும்ப வளராது.

அரசா, தனியாரா

யாழ் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். செலவு பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும்தான். அருகிலுள்ள அரச பல் சிகிச்சை நிலையத்தில் தொடங்கி அங்கிருந்து கடிதத்தோடு போனால் சரியான கிளினிக்குக்கே அனுப்புவார்கள். கடிதத்தில் பிசியோதெரபியையும் குறிக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குளிசையோடு திருப்பி அனுப்பப்படலாம். பேராதனைப் பல் வைத்தியசாலையும் கொழும்புப் பல் வைத்தியசாலையும் அரசினுடையவையே. ஆனால் கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். வாய் பூட்டிக்கொண்டவர், சத்திரசிகிச்சை யோசிப்பவர் தவிர மற்றவர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை.

தனியாரின் மெய்யான நன்மை நேரம். அரச நிபுணர்கள் பலர் பின்னேரங்களில் தனியாரிலும் பார்க்கிறார்கள். ஒருமுறை அங்கே கட்டணம் கொடுத்துக் காரணத்தை அறிந்துகொண்டு, சிகிச்சையை அரச கிளினிக்கில் தொடரலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. முழுத் தாடையையும் ஒரே படத்தில் எடுக்கும் ஓபிஜி எக்ஸ்றே எலும்பைக் காட்டும், மூட்டுக்குள் இருக்கும் சவ்வைக் காட்டாது. அதைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண்.

குளிசை, எண்ணெய், ஊசி

புதிதாக நோ மூளும்போது இபுபுறூபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு மூன்று வேளை, ஒரு கிழமைக்கு மேற்படாமல். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்காமல் எடுக்கக்கூடாது. மாரியில் இங்கே டெங்கு பெருகும். காய்ச்சல் தொட்டவுடன் இபுபுறூபனையும் டைக்குளோபெனக்கையும் நிறுத்துங்கள், பரசிற்றமோல் மட்டும் போதும். டொக்டர் இரவில் அமிற்றிப்ரிலின் 10 மில்லிகிராம் எழுதினால் மனநோய்க் குளிசை என்று பயந்து எறிந்துவிடாதீர்கள். அந்தச் சிறிய அளவில் அது நோவுக்காகக் கொடுக்கப்படுகிறது. மறுபக்கம், புளுஒக்செற்றின், சேர்ட்ராலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் சிலருக்குப் பல் நெருமலைக் கூட்டும். அவற்றை எடுப்பவர் தானாக நிறுத்தாமல் எழுதியவரிடம் சொல்ல வேண்டும்.

சித்த வைத்தியம் விரும்புபவர்களுக்குக் கைதடியில் அரச சித்த வைத்தியசாலை இருக்கிறது. வெளிப்பூச்சு எண்ணெயும் ஒத்தணமும் தசை நோவுக்கு இதம் தரும், செலவும் குறைவு. தாடையைத் திருப்பி 'டக்' எனச் சத்தம் எழுப்பும் முறிவு நெரிவு வைத்தியத்தை மட்டும் தவிருங்கள்.

பொட்டொக்ஸ் மூன்று நாலு மாதத்தில் விட்டுப்போகும், திரும்பத் திரும்பக் காசு. மூட்டைக் கழுவும் ஊசிச் சிகிச்சைக்குப் பொருத்தமான ஆள் வேறு: நெடுநாள் இருந்த 'டக்' சத்தம் திடீரென நின்று, அன்றிலிருந்து வாய் 30 மில்லிமீற்றருக்கு மேல் திறக்காமல், திறக்கும்போது நோவுள்ள பக்கம் சாய்பவர். இவர் பயிற்சியோடு மாதக்கணக்கில் காத்திராமல், அளந்து எழுதிய தாளையும் எடுக்கும் குளிசைப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கிளினிக் நாளிலேயே தாடை நிபுணரைப் பார்க்க வேண்டும்.