ஷிஃப்ட் வேலைக்கு நடுவே தட்டு மாற்றும் டம்பெல்ஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தட்டுகளைக் கழற்றி மாட்டும் வகை டம்பெல்ஸ் செட் ஒன்றைச் சில ஆண்டுகளாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். அதன் ஒரு கம்பியில் நட்டு ஏறும் மரை (திருகு வரி) தேய்ந்துபோனதால், சென்ற மாதம் ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து மரையைச் சீராக்கி, இரண்டு நட்டுகளையும் புதிதாகச் செய்து வாங்கினேன். அதே வாரத்தில் அந்த வகை செட்டின் விலை இணையக் கடைகளில் இறங்கியிருந்தது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் குடியிருந்து ஓசூர் சிப்காட்டில் மாறி மாறி மூன்று ஷிஃப்டும் பார்ப்பவனுக்கு, போக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர் என்று வேலைக்கு அப்பாற்பட்ட நேரத்தையும் நெடுஞ்சாலையே எடுத்துக்கொள்கிறது. முதல் ஷிஃப்ட் வாரத்தில் ஜிம் திறக்கும் முன்பே நான் பேருந்தில் இருப்பேன். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் நான் வீடு சேரும்போது ஊரே உறங்கியிருக்கும். ஆகவே பயிற்சி வீட்டில்தான், கிடைக்கும் முப்பத்தைந்து நாற்பது நிமிடங்களில்தான் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் 2 நாட்களாவது வலுப்பயிற்சி வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. எட்டக்கூடிய அளவாக அது இருந்ததால் அதையே அடித்தளமாகக் கொண்டேன்.

இந்த செட்டில் 1.25, 2.5, 5 கிலோ தட்டுகள் வகைக்கு நான்காக உள்ளன. கம்பியின் இரு முனையிலும் நட்சத்திர வடிவ நட்டைத் திருகித் தட்டுகளை இறுக்க வேண்டும். இந்த நட்டுதான் என் நீங்காத எரிச்சல். ஒரு கையால் இழுக்கும் ரோயிங் பயிற்சியில் எட்டாவது ரெப்பில், அதாவது எட்டாவது முறை இழுக்கும்போது, தட்டுகள் கடகடக்கத் தொடங்கும். பாதியில் தரையில் வைத்துவிட்டு மீண்டும் இறுக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கும்போது இப்படி ஆனால் அது எரிச்சலோடு நிற்பதில்லை, ஆபத்து.

இயந்திரப் பட்டறையில் வேலை செய்பவன் என்பதால் காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. தட்டின் துளை கம்பியைவிடச் சற்றுப் பெரியது. மணிக்கட்டு திரும்பும்போது தட்டு கம்பியோடு சேர்ந்து திரும்பாமல் பின்தங்கி, தன்னை ஒட்டியிருக்கும் நட்டையும் இழுக்கிறது. இரு முனையிலும் வலப்பக்கம் திருகினால் இறுகும் வலமரையே வெட்டப்பட்டிருப்பதால், ஒரு பக்கத்து நட்டை இறுக்கும் அதே சுழற்சி மறுபக்கத்து நட்டைக் கழற்றுகிறது. சைக்கிளின் இடது பெடலுக்கு இடமரை வைத்திருப்பது இப்படிக் கழலாமல் இருக்கத்தான். டம்பெல் செய்பவர்கள் அந்தச் செலவை ஏற்காமல், நட்டின் உள்ளே ஒரு ரப்பர் வாஷரை வைத்து அதன் பிடிப்பை நம்பியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோடையில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் கிடக்கும் ரப்பர் எத்தனை காலம் மென்மையாக இருக்கும்? என் செட்டில் அது கல்லாக இறுகி, பிடிப்பு போய்விட்டது. விற்றவரிடம் வாஷர் மட்டும் கேட்டபோது தனியாகக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இதை இன்றுவரை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

நட்டு கழல்வதைவிட, தட்டு மாற்றும் நேரம் பெரிய இழப்பு. ஒரு முறை எடையை மாற்ற நான்கு நட்டுகளைக் கழற்றி, தட்டுகளை இடம் மாற்றி, மறுபடி நான்கையும் இறுக்க வேண்டும். பயிற்சிக்குப் பயிற்சி எடை மாற்றினால் நாற்பது நிமிடத்தில் கணிசமான பங்கு திருகுவதிலேயே போய்விடும். அதனால் ஒரு நாளுக்கு ஒரே எடை என்று என் அட்டவணையை அமைத்தேன். கனமான நாளில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), ரோயிங், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது). இலகுவான நாளில் தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், தரையில் படுத்துச் செய்யும் பிரஸ், லஞ்சஸ் (ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது). முந்தைய இரவே தட்டுகளை மாட்டி இறுக்கி வைத்துவிடுவேன். ஒரே எடை தோளுக்குக் கடினமாகவும் மார்புக்கு எளிதாகவும் இருக்கும் என்பதால், தோளுக்கு ஏழெட்டு ரெப், மார்புக்குப் பதினைந்துக்கு மேல் என்று எண்ணிக்கையை மாற்றிக்கொள்கிறேன். இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் முடியும் என்ற நிலைவரை செய்தால், குறைந்த ரெப்பிலும் அதிக ரெப்பிலும் தசை வளரத்தான் செய்கிறது. இந்த நாட்களைத் திங்கள், வியாழன் என்று கிழமையோடு கட்டவில்லை. கனமான நாளுக்குப் பின் ஒரு நாளாவது ஓய்வு, அடுத்து இலகுவான நாள், அது எந்தக் கிழமையில் விழுந்தாலும் சரி. இரவு ஷிஃப்ட் வாரத்தில் மாலை எழுந்ததும் செய்கிறேன். தூக்கம் போதாத நாளில் பயிற்சியையே விடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றைக் குறைக்கிறேன். இதில் ஆகாதது அதிகபட்ச எடையைத் தூக்கும் திறன். அதற்குக் கனமான எடையும் குறைந்த ரெப்பும் அவசியம், அதற்கு இந்த செட் போதாது.

உணவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. களி வயிற்றை நிறைக்கும், சுண்ணாம்புச் சத்தும் தரும். ஆனால் நூறு கிராம் கேழ்வரகில் புரதம் ஏழு கிராம் அளவுதான். அதே அளவு கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் உண்டு. கொள்ளுக் கடைசலும் டிபன் பாக்ஸில் அவித்த முட்டைகளும் எனக்குப் போதுமானவையாக உள்ளன.

எதிர்பாராத மகிழ்ச்சி லேத் பட்டறையில் கிடைத்தது. மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ என்பதால், இரு பக்கமும் சேர்த்து ஒரு டம்பெல்லில் குறைந்தது 2.5 கிலோ கூட்டியாக வேண்டும். பத்துக் கிலோ தூக்கும் தோளுக்கு அது ஒரே தாவலில் கால் பங்கு அதிகம். மாதக்கணக்கில் நான் அந்த இடத்திலேயே நின்றிருந்தேன். மரை வேலைக்குப் போன அன்று, 100 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. தடிமனுமாக நான்கு இரும்பு வட்டுகளை வெட்டி நடுவே துளையிட்டுத் தரச் சொன்னேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இப்போது அந்த 2.5 கிலோ தாவலுக்கு நடுவே, ஒரு டம்பெல்லுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கூட்ட முடிகிறது. நின்றுபோன தோள் மீண்டும் நகரத் தொடங்கியதைப் பார்த்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. புதிய நட்டுகளைச் சற்று நீளமாகவும் மரை நெருக்கமாகப் பொருந்தும்படியும் செய்து, தடித்த ரப்பர் வாஷர் வைத்துக் கொடுத்தார்கள். கழல்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், இத்தனை குறைவான இடத்தில், இத்தனை குறைவான செலவில், ஷிஃப்ட் வேலைக்காரனின் உடலை வேறு எதுவும் இப்படி வலுவாக்கியிருக்காது. அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோகிறேன். மூச்சு வாங்குவதில்லை, முதுகு பிடிப்பதில்லை. ஆனாலும் எங்கள் லைனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, விலை கொறஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். தட்டு மாற்றத் தேவையில்லாத, முழுவார்ப்பான டம்பெல்ஸில் 7.5 கிலோவில் ஒரு ஜோடியும் 12.5 கிலோவில் ஒரு ஜோடியும் வாங்கிக்கொண்டால் அவருக்குப் போதும். விலை கூடினாலும் நட்டு என்ற தொல்லையே இருக்காது. அப்படியானால் உங்கள் செட்டைப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்று அடுத்த நாளே கேட்டார். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, எந்த விலைக்கும்.