நீர் தேங்குவதை எந்தப் புரதம் காட்டும்: ஏ.பி.பி.யா, டி.ஜி.எஃப்.-பீட்டா1-ஆ?

மூளைக்குள் ரத்தம் கசிந்த குறைமாதக் குழந்தைகளுக்கு அதன் பின் மூளையில் நீர் தேங்கலாம். அதைக் கண்டறிய எந்தப் புரதத்தை அளந்து பார்ப்பது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேச்சு வந்தபோது, நான் ஏ.பி.பி. என்கிற அமிலாய்டு முன்னோடிப் புரதத்தின் பக்கம்தான் நின்றேன். இன்றும் அப்படித்தான்.

டி.ஜி.எஃப்.-பீட்டா1, அதாவது செல்களுக்குச் சமிக்ஞை தரும் ஒரு வளர்ச்சிக் காரணிப் புரதம், மூத்த போட்டியாளர். பிரிஸ்டலில் ஆண்ட்ரூ வைட்லா குழுவினர் 1999இலேயே இதை முன்வைத்துவிட்டார்கள். இது நார்ப் புரதங்களைப் படியவைத்து, மூளைக்கு உள்ளேயும் சுற்றியும் ஓடும் மூளைநீர் வடிகிற வழியை அடைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கச்சிதமான விளக்கம்தான். ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களில் இது ஏராளம். ரத்தம் கசிந்தாலே அளவு ஏறிவிடும், அது தேக்கத்தின் அறிகுறியா, வெறும் ரத்தத்தின் எச்சமா என்று பிரிப்பது கடினம்.

ஏ.பி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மொராலஸ், லிம்ப்ரிக் குழுவினர் நீர் தேங்கிய குழந்தைகளின் மூளைநீரில் இது உயர்ந்திருப்பதை 2012இல் காட்டினார்கள், அப்புறம் 2015இல் அது வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிற்கும் அறை) அளவோடு சேர்ந்தே ஏறுவதையும் காட்டினார்கள். எனக்கு இதுதான் தீர்மானமான விஷயம். குழந்தைக்கு ஷன்ட், அதாவது தேங்கிய நீரை வடிக்கும் குழாய், வைக்கலாமா, காத்திருக்கலாமா என்று தவிக்கிற மருத்துவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே என்ன மாறியது என்பதுதான் வேண்டும், ஒருமுறை ஏறி நின்றுவிடுகிற எண்ணால் அவருக்குப் பயனில்லை. வீங்கும் வென்ட்ரிக்கிள் பக்கத்து நரம்பிழைகளை இழுக்கிறது. காயம்பட்ட இழைகளில் ஏ.பி.பி. சேர்வது பழைய சங்கதி, ஆகவே இந்தத் தொடர்புக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மாதிரிக்காகத் தனியாக ஊசி போட வேண்டியதும் இல்லை: தலைத்தோலுக்கடியில் ரிசர்வாயர் (ஊசியால் மூளைநீரை எடுப்பதற்கான சிறு கலம்) வைத்த குழந்தைக்கு எடை கிலோவுக்கு 10 மில்லி லிட்டர் அளவில் சிகிச்சைக்காகவே நீர் எடுக்கிறார்கள், அந்த மஞ்சள் நீரில் சில துளிகள் போதும்.

உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டை இது ஓரங்கட்டாது. வென்ட்ரிக்கிளின் அகலத்துக்கு 1981இல் லெவீன் தந்த அளவுகோல் இன்றும் கட்டிலருகே ஊசியில்லாமல் வேலை செய்கிறது, சரி, அதைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

ஏ.பி.பி.யும் தட்டணுக்களில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அதனால் முதல் நாட்களின் சிவந்த மாதிரிகளை நான் நம்புவதில்லை. இத்தனைக்கு மேல் போனால் ஷன்ட் என்று எல்லோரும் ஏற்ற வரம்பும் இல்லை. சிறுநீரிலோ ரத்தத்திலோ அளப்பது பற்றி எனக்கு அனுபவம் கிடையாது. அளப்பவர்கள் ஒரே பரிசோதனைக் கிட்டை வைத்து, ஒரே குழந்தையின் எண்கள் நாளுக்கு நாள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். இன்னொரு ஆய்வுக்கூடத்து எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.