ஸ்கிரிப்ட் தவறும்போது: ஜிடிபியா, எல்எல்டிபியா?

ஜிடிபி, எல்எல்டிபி இரண்டும் டீபக்கர்கள், அதாவது நிரலில் பிழை தேட உதவும் கருவிகள். டீபக்கருக்குள் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்டில் பிழை வந்தால் முதலில் எழும் கேள்வி, தவறியது எது என்பதுதான். ஆய்வில் இருக்கும் நிரலா, அதை ஆராய நாம் எழுதிய ஸ்கிரிப்டா? இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத டீபக்கர் நம் நேரத்தைத் தின்றுவிடும்.

ஒரு சின்னச் சோதனை. ஒரு வரிசைக்கான ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில்) உருப்படிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் 'கவுண்ட்' என்ற உறுப்பு இருக்கிறது. ஸ்கிரிப்டில் கை தவறி 'கவுன்' என்று எழுதிவிட்டோம். ஜிடிபியில் அந்த வரியை எட்டியவுடன் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பு) எழும். அப்படியொரு உறுப்பே இல்லை என்று பெயரைக் குறிப்பிட்டே சொல்லிவிடும். எல்எல்டிபியில் அதே தேடல் செல்லாத எஸ்பிவேல்யூ (மதிப்பைத் தாங்கும் பொருள்) ஒன்றைத் திருப்பித் தரும். அதன் மதிப்பை எண்ணாகத் தரச் சொல்லி கெட்வேல்யூஆஸ்அன்சைன்டு என்று கேட்டால் வருவது 0. ஸ்கிரிப்ட் முகம் மாறாமல் 'வரிசை காலி' என்று அச்சிடும். வரிசையில் ஆயிரம் உருப்படிகள் இருந்தாலும் அதே பதில்தான்.

இதற்கு வடிவமைப்பில் காரணம் உண்டு. எல்எல்டிபியின் ஏபிஐ (ஸ்கிரிப்ட் அதனுடன் பேசும் இடைமுகம்) சி++இல் எக்ஸெப்ஷன் இல்லாமல் எழுதப்பட்டது; பைத்தானுக்கு வந்த பின்னும் அதே முறையில்தான் நடக்கிறது. பிழையை எஸ்பிஎரர் என்ற பொருளில் வைத்துக் கொடுக்கும். திறந்து பார்ப்பது நம் பொறுப்பு. நினைவகத்தைப் படித்தபின் எரர்.சக்சஸ், மதிப்பை எடுக்குமுன் இஸ்வேலிட் என்று ஒவ்வொரு படியிலும் கேட்டு எழுதுபவருக்கு அது நேர்மையாகவே பதில் சொல்கிறது. ஆனால் அவசரத்தில் எழுதும் பத்து வரி ஸ்கிரிப்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? மறதிக்கு விலை தவறான பதிலாக இருக்கக் கூடாது. அதனால் என் ஓட்டு ஜிடிபிக்கு.

ஜிடிபியிலும் குறை உண்டு. 2009இல் 7.0 பதிப்போடு பைத்தான் உள்ளே வந்தது. இன்று 'செட் பைத்தான் பிரிண்ட்-ஸ்டாக்' அமைப்புக்கு ஃபுல், மெசேஜ், நன் என்று மூன்று நிலைகள்; இயல்பு நிலை மெசேஜ். அதில் பிழைச் செய்தி மட்டும் வரும், எந்தக் கோப்பில் எந்த வரி என்பது வராது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு வேண்டியது அந்த வரிதான். ஆகவே எழுதும் நாள்களில் ஃபுல் வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தியையே காட்டாத நன் பக்கம் போகவே வேண்டாம்.

ஜிடிபியில் எனக்கு மிகவும் பிடித்தது ஜிடிபிஎரர் என்ற தனி வகை. நாம் உருவாக்கிய கட்டளைக்குப் பயனர் தவறான உள்ளீடு கொடுத்தால் இதை எழுப்பலாம். ஸ்டாக் டிரேஸ் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) இல்லாமல் செய்தி மட்டும் போய்ச் சேரும். பயனரின் தவறு வேறு, ஸ்கிரிப்டின் தவறு வேறு என்று பிரிக்கும் கோடு இது. எல்எல்டிபியில் கட்டளையின் விடைப் பொருளில் செட்எரர் அழைத்து இதைச் செய்யலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

பிரிட்டி பிரிண்டரில் (மதிப்புகளைப் படிக்க எளிதாகக் காட்டும் ஸ்கிரிப்டில்) மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஃபங்ஷனின் முதல் வரியில் நிறுத்தினால் உள்மாறிகளுக்கு இன்னும் மதிப்பு வந்திருக்காது, சுட்டிகளில் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறிகளில்) குப்பைதான் இருக்கும். அங்கே ஜிடிபி.மெமரிஎரர் எழுவது இயல்பு; அதை மட்டும் பிடித்து 'படிக்க முடியவில்லை' என்று காட்டினால் போதும். வெறும் 'எக்ஸெப்ட்:' போட்டு எல்லாவற்றையும் விழுங்கினால், கண்ட்ரோல்-சி அழுத்தும்போது வரும் கீபோர்டுஇன்டரப்ட்டும் அதோடு போய்விடும். வட்டமாகச் சுற்றும் பட்டியல் ஒன்றில் பிரிண்டர் மாட்டிக்கொண்டால் அதை நிறுத்த அந்தச் சாவி ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.