வாடகை உதவி: வாடகைதாரர் கையிலா, வீட்டு உரிமையாளர் கணக்கிலா?

பிரிட்டனில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் பெறும் வாடகைதாரருக்கான வீட்டுச் செலவுத் தொகை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக மற்ற உதவியுடன் சேர்ந்து மாதம் ஒருமுறை அவரது வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. வாடகையை உரிய நாளில் கட்டுவது அவர் பொறுப்பு. முதல் தொகை வர ஏறத்தாழ 5 வாரம் ஆவதால், கையிருப்பு இல்லாதவர் தொடக்கத்திலேயே பாக்கி வைக்க நேரிடுகிறது. அதற்கிடையில் கேட்டுப் பெறும் முன்பணமும் பின்னர் தவணைகளில் பிடித்துக்கொள்ளப்படும் கடன்தான்.

மற்றொரு வழியில் தொகை நேராக உரிமையாளருக்குச் செல்கிறது. வட அயர்லாந்தில் இதுவே வழக்கம். ஸ்காட்லாந்தில் வாடகைதாரர் தாமே இதைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்திலோ 2 மாத வாடகை பாக்கியாகியிருக்க வேண்டும், அல்லது கடன்சுமை, போதைப்பழக்கம் போன்ற காரணங்களால் பணத்தை நிர்வகிக்க இயலவில்லை என்று காட்ட வேண்டும். பாக்கி ஏறியவர்களுக்கு நேரடிச் செலுத்துதலே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

ஆயினும் அது வாடகை முழுவதையும் தீர்த்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. தனியார் வீடுகளுக்கு, ‘உள்ளூர் வீட்டு உதவி’ (Local Housing Allowance) எனப்படும், பகுதிவாரியாக அரசு வகுத்த உச்சவரம்பு பொருந்துவதால், அதற்கு மேற்பட்ட வாடகையை வாடகைதாரரே கட்ட வேண்டும். சம்பளம் மாதந்தோறும் மாறுபவருக்கு உதவித்தொகையும் மாறக்கூடும் என்பதால், அந்த மீதித்தொகையை ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கணக்கிட நேரிடும்.