பாட்டு வெளியிடும் லேபிள் என்று வருகிறவர் நீட்டும் காகிதம்: தருமபுரி, கிருஷ்ணகிரி இசைக்குழுக்கள் கவனிக்க

சொந்தமாக மெட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றும் பிள்ளைகளைத் தேடி, பெங்களூரில் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். ஓசூர் ஓட்டலில் காபி வாங்கித் தருவார். "உங்க பம்பை சத்தம் உலகம் பூரா போகணும் தம்பி" என்பார். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்.

அன்றே குழுவுக்குள் சண்டை. காசு வாங்கினால் விலைபோனதாகத்தான் அர்த்தம் என்றான் கிடார் வாசிப்பவன். "பம்பைக்கார மாமாவுக்கு இன்னும் பஸ் காசுதான் தர்றோம், அது மட்டும் கொள்கையா?" என்று கேட்டாள் பாடுகிறவள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆள் இதைக் கவனித்துவிட்டார். "பாட்டு உங்களுதுதான், நாங்க ஸ்பாட்டிஃபைல ஏத்தி மட்டும் விடறோம்" என்று இரு பக்கமும் குளிரப் பேசினார். 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பணம் தருவதில்லை, அதைத் தாண்டவைப்பது எங்கள் பொறுப்பு என்றார். முதல் பாதி உண்மை. தூண்டிலே அதுதான்.

முன்பணம் 20,000 ரூபாய். ஆங்கிலக் காகிதத்தில் இருந்ததோ வேறு: ஒலிப்பதிவு, வரி, மெட்டு எல்லாம் நிரந்தரமாக அவர்களுக்கு.

கையெழுத்துப் போட்ட பிறகு, கேட்டவர் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. எல்லாம் போலிக் கணக்குகள். தளம் கண்டுபிடித்துப் பாட்டையே தூக்கிவிட்டது. அப்புறம், எங்கள் சேனலில் நாங்களே போட்ட வீடியோவுக்கு 'கன்டென்ட் ஐடி' (உரிமை பதிந்த பாட்டோடு வீடியோவைத் தானாக ஒப்பிடும் யூடியூப் முறை) வழியாக அவர்களின் உரிமைக்கோரல்! விளம்பரக் காசு அவர்களுக்குப் போகிறது. ஆட்சேபித்தோம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. கடைசி வாரத்தில் காகிதத்தைக் காட்டி, உரிமை தங்களுடையதே என்றார்கள்.

தருமபுரியில் ஒரு வக்கீல் அக்கா படித்துப் பார்த்தார். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் (பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குப் பணத்தில்) தங்கள் சமபங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாதாம். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 வருடத்துக்குத்தான்; அதனால்தான் 'நிரந்தரம்' என்று மறக்காமல் போட்டிருக்கிறார்கள். பம்பை அடித்த மாமாவுக்கு அந்தச் சமபங்கிலும் இடமில்லை. அவருக்குத் தனியாக எழுதி வாங்கவேண்டும். எனக்கு அதிகம் எரிவது அங்கேதான்.

நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை. ஆள் இப்போது பாலக்கோடு, அரூர் பக்கம் சுற்றுகிறாராம். வந்தால் ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்குக் கடைசிவரை அனுப்பவில்லை, நேரில்தான் நீட்டினார்.