கோவளம்: காலையில் அலை, மதியம் மீன், நடுவே நாலு மணி நேரம்

அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் பலகையில் முதல்முறை ஏற நினைப்பவர்களுக்குச் சென்னையைச் சுற்றிக் கோவளத்தைவிடத் தோதான கடல் கிடையாது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கரை சட்டென்று ஆழமாகிவிடும். அலை கரையிலேயே வந்து அடித்து உடையும். கோவளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, உடைந்து நுரையாக வரும் அலையைப் பிடித்துப் பழகலாம். திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் 30 கி.மீ.க்குள் வந்துவிடும். சாப்பாடும் நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடல் ஒழுங்காக இருப்பது காலை 6 முதல் 9 வரை. மீன் சாப்பாடு இலைக்கு வருவதோ 12 மணிக்கு மேல். வகுப்பு முடிந்து 8 மணிக்கே வறுவல் தேடினால் பெரும்பாலும் முந்தின நாள் மீன்தான் மாட்டும்.

காலை நேரத்துக்குக் காரணம் காற்று. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று, அலையின் முகத்தைக் கலைக்காமல் நிறுத்திவைக்கும். பத்து, பதினொரு மணிவாக்கில் கடல்காற்று எழும்பிவிட்டால் தண்ணீர் முழுக்கக் கசகசவென்று ஆகிவிடும்; எது அலை, எது வெறும் சலசலப்பு என்று புதியவருக்குப் புரியாது. அதனால் முதல் பேட்ச் கேட்டு வாங்குங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

மாதமும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை அலை சின்னது, கடல் சாது. தண்ணீரைக் கண்டாலே தயங்குபவர்கள் அப்போது வரலாம். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து அலை ஒழுங்காக வரும். ஓரளவு பழகியவர்களுக்கு அதுதான் சீசன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று, மழை, வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் நீரோட்டம். அந்த மாதங்களில் முன்பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கடல் சரியில்லை என்று வகுப்பை நிறுத்தினால் பணம் திரும்பி வருமா, வேறு தேதிதானா? ஊர்க்காரர்கள் படகு இறக்காத நாளில் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள்.

கோவளத்தில் இந்த விளையாட்டை ஊரறியச் செய்தது, உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன் முன்நின்று 2012இல் தொடங்கிய கோவ்லாங் பாயிண்ட் சர்ஃபிங் பள்ளி. இன்று இங்கே பயிற்சி தருபவர்களில் நிறையப் பேர் இதே குப்பத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலைப் பார்த்த மாத்திரத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். வகுப்புக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்தக் கண்ணுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்த மாமல்லபுரத்துக்கே நேராகப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். முதல் நாலைந்து வகுப்புக்கு அது வேண்டாம்; இடுப்பளவு தண்ணீரில் பழகக் கோவளமே போதும்.

கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். விலையைவிட, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பதைக் கேளுங்கள். இரண்டு பேர் என்றால் நன்று, மூன்று பரவாயில்லை. நாலுக்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி உங்கள் முறைக்காகத் தண்ணீரில் நிற்பதிலேயே போய்விடும். பலகையும், தோல் உராயாமல் காக்கும் ரேஷ் கார்டு மேல்சட்டையும் கட்டணத்தில் சேர்த்தியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோவுக்குத் தனிக் காசு கேட்கும் இடங்களும் உண்டு. முதல் வகுப்பில் அது தண்டச் செலவு. எல்லாப் படத்திலும் நீங்கள் விழுந்துகொண்டுதான் இருப்பீர்கள்.

பலகை 8 அல்லது 9 அடி நீளம், மேலே மெத்தென்ற ஃபோம். எடை 80 கிலோவைத் தாண்டினால் 9 அடிதான் கேட்க வேண்டும். சின்னப் பலகை அழகாக இருக்கும், ஆனால் தாங்காது. கையில் வாங்கியதும் மூன்று இடத்தைப் பாருங்கள். அடியில் இருக்கும் துடுப்புகள் ஆடக் கூடாது. பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிற்றின் ஒட்டுப்பட்டை மணல் ஏறி வழுக்கக் கூடாது. ஓரத்தில் வெடிப்பு இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட பலகை தூக்கும்போதே கனக்கும். லீஷைப் பின்னால் வரும் காலில் கட்ட வேண்டும். எந்தக் கால் பின்னால் வரும் என்று தெரியாவிட்டால், மணலில் ஓடிவந்து சறுக்குவதுபோல் நின்று பாருங்கள்; தானாக எது முன்னே போகிறதோ அது முன்கால்.

முதல் 15, 20 நிமிடம் மணலில்தான் போகும். இதைச் சலித்துக்கொண்டு கடப்பவர்கள் தண்ணீரில் அழுவார்கள். குப்புறப் படுக்கும்போது இரண்டு பாதமும் பலகையின் வால் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே நாலு விரல் தெரிய வேண்டும். ரொம்ப முன்னால் படுத்தால் மூக்கு குத்திக்கொண்டு கவிழும். ரொம்பப் பின்னால் போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். எழும்போது உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் பலகை மேல் தட்டையாக வைக்க வேண்டும். எல்லோரும் செய்யும் தப்பு, ஓரங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. பிடித்ததும் ஒரு பக்கம் எடை கூடும், பலகை சாயும். இரண்டாவது தப்பு முட்டி போடுவது. முட்டியிலிருந்து எழுவதற்குள் அலை செத்துவிடும். முன்கால் இரண்டு கைக்கும் நடுவில் வந்து இறங்கட்டும், முட்டி மடங்கியே இருக்கட்டும், பார்வை கரையில் ஒரு மரத்திலோ படகிலோ நிற்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் அங்கேயே விழுவீர்கள்.

விழுவதற்கும் முறை உண்டு. தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். கீழே மணல் மூன்றடியில் இருக்கும். மேலே வரும்போது கை தலையை மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பலகையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அது உங்களுக்கும் அலைக்கும் நடுவே வரவே கூடாது. மூக்கில் அடி வாங்குபவர்கள் அநேகமாக இப்படித்தான் வாங்குகிறார்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி முட்டிமோதாமல், பலகையை விடாமல், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வாருங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, எரிச்சல் கூடும். கடல் தண்ணீரால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் பயிற்சியாளர்களுக்கு வயிறு எரியும். நெஞ்சில் எண்ணெய் இருந்தால் பலகை வழுக்கும், அடுத்து எடுப்பவருக்கும் வழுக்கும். காட்டன் டி-ஷர்ட் நனைந்தால் கனக்கும், வயிற்றில் உராய்ந்து தோலும் சிவந்துபோகும். மோதிரம், செயின் வீட்டிலேயே இருக்கட்டும்.

கடலில் இறங்க ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழமும் டீயும் போதும். பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வகுப்பு முடிந்ததும் இட்லி வடகறியோ தோசையோ சாப்பிட்டுப் பசியை அடக்குங்கள். கடலைப் பார்த்த கஃபேக்களில் பான்கேக்கும் ஸ்மூத்தியும் கிடைக்கும். உட்கார இடம் சுகம், ஆனால் காசில் பாதி அந்தக் காட்சிக்குத்தான். நடுவில் இருக்கும் நேரத்தில் தர்கா, மாதா கோயில், சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடி சான்றை 2021இல் பெற்ற கடற்கரைப் பகுதி என்று சுற்றிவரலாம். உடை மாற்ற வசதியும் அங்கே உண்டு.

மதியத்துக்கு மெஸ் பக்கம் போங்கள். குழம்புக்குச் சங்கரா, கிழங்கா, நெத்திலி. வறுவலுக்கு வஞ்சிரம், வவ்வால். வஞ்சிரத்தைக் குழம்பில் கேட்பது பணத்துக்குப் பிடித்த கேடு, துண்டு சக்கையாகிவிடும். மசாலா தடவி அடுக்கிவைத்த தட்டைக் காட்டச் சொல்லி, துண்டை நீங்களே காட்டி, விலையைக் கேட்டபிறகு கல்லில் போடச் சொல்லுங்கள். "சைஸுக்கு ஏத்த விலை சார்" என்பதோடு விட்டால் பில்லில்தான் சைஸ் தெரியும். துண்டு அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தால் மசாலா கருகும், உள்ளே வேகாது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு என்றால் கலர் பொடி. வேறு கடை பாருங்கள். பொரித்துக் குவித்ததைச் சூடுபண்ணித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். புதிதாகப் போட்டுத்தர பத்து நிமிடம்தான் ஆகும். கடம்பா (கணவாய்) கேட்டால் அதிக நேரம் வாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் செருப்பு வாரை மெல்வதுபோல் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. கோவளத்து ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் கரையோரத்துச் சின்ன மீன் அப்போதும் வரும். அந்த இரண்டு மாதமும் வஞ்சிரத்தை மறந்துவிட்டு, அன்றைக்குப் படகில் என்ன வந்தது என்று கேட்டு அதையே சாப்பிடுங்கள். ஒன்றரை மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் போனால் குழம்பு மட்டும் இருக்கும், மீன் இருக்காது.