கொரில்லா கேர்ள்ஸ் சுவரொட்டிகள்: சுவருக்கு எது, கணக்குக்கு எது

கலையுலகின் பாலின, நிறப் பாகுபாட்டை எதிர்க்கும் நியூயார்க் பெண் கலைஞர்களின் கொரில்லா கேர்ள்ஸ் குழு 1985 முதல் போட்டுவரும் சுவரொட்டிகளை இன்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம். குழுவின் இணையதளத்திலேயே விற்கிறார்கள். பெரும்பாலோர் கேட்டு வாங்குவது ஒன்றைத்தான்: மஞ்சள் பின்னணி, ஒருக்களித்துப் படுத்த நிர்வாண உடல், அதன் மேல் பல்லைக் காட்டும் கொரில்லாத் தலை. நல்ல ஒட்டிதான். ஆனால் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறவருக்கு எங்கள் பரிந்துரை அது இல்லை. இந்த ஒட்டிகளின் உயிர் அவற்றில் உள்ள எண்களில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திரும்ப எண்ணிச் சரிபார்க்க முடிகிற எண்கள் எந்த ஒட்டியில் இருக்கின்றனவோ அதுதான் நாள்பட உழைக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1984இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், அதாவது மோமா, சமகால ஓவிய, சிற்பக் கலையின் உலகளாவிய தொகுப்பு என்று ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. 160க்கும் மேற்பட்ட கலைஞர்களில் பெண்கள் 13 பேர். வாசலில் பதாகை பிடித்து நடந்த வழக்கமான ஆர்ப்பாட்டத்தை உள்ளே போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் சோஹோ பகுதியின் சுவர்களில் இரவோடிரவாக ஒட்டிகள் முளைத்தன. போட்டவர்கள் பெயர் சொல்லவில்லை. பொதுவெளியில் கொரில்லா முகமூடி, ஃப்ரீடா காலோ, கேத்தே கோல்விட்ஸ் என்று மறைந்த பெண் கலைஞர்களின் பெயர்கள். ஆங்கிலத்தில் மறைந்திருந்து தாக்கும் போராளிக்கும் குரங்குக்கும் ஒலி ஒன்று, எழுத்து வேறு. உறுப்பினர் ஒருவர் எழுத்துப்பிழை விட்டதில் முகமூடி பிறந்தது. தமிழில் கொரில்லாப் போர், கொரில்லாக் குரங்கு இரண்டும் ஒரே எழுத்து என்பதால் இந்தச் சிலேடை நமக்கு விளக்கமே இல்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

முதலில் அந்தப் புகழ்பெற்ற ஒட்டி. 1989. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை, சுருக்கமாக மெட் என்பதை, நோக்கியது. "மெட் அருங்காட்சியகத்துக்குள் நுழையப் பெண்கள் அம்மணமாகத்தான் போக வேண்டுமா?" என்று கேட்கிறது. கீழே இரண்டு எண்கள்: நவீன கலைப் பிரிவுகளில் உள்ள கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண உருவங்களில் பெண்கள் 85 சதவீதம். தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல் வேறு, எண்ணோடு வரும் சொல் வேறு. கலை விமர்சகர் பயன்படுத்துவது நமது "நிர்வாணம்" போல மரியாதையானது. தலைப்பில் இருப்பது "அம்மணம்" போலப் பச்சையானது. கூடத்துக்குள் நிர்வாணம் என்று பூசி மெழுகப்படுவதைத் தெருவில் நிற்பவள் அம்மணம் என்று கூப்பிடுகிறாள். தமிழில் பெயர்க்கிறவர்கள் இரண்டு இடத்திலும் நிர்வாணம் என்றே போட்டால் பாதி அடி விழாமல் போய்விடும்.

படத்தையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உடல் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814இல் வரைந்த ஒடலிஸ்க், அதாவது அந்தப்புரப் பெண், ஓவியத்திலிருந்து வெட்டியது. மூலம் பாரிஸ் லூவரில் இருக்கிறது. நீண்டுகொண்டே போகும் அந்த முதுகை, எலும்புக் கணக்குக்குப் பொருந்தவில்லை என்று அந்தக் காலத்திலேயே விமர்சித்தார்கள். மூலத்தில் அவள் தோளுக்கு மேல் திரும்பி, பார்ப்பவரை அமைதியாகப் பார்ப்பாள். தலையை மாற்றியதும் பார்வை மாறிவிடுகிறது: பார்க்கப்படுவதற்காகப் படுத்திருந்த உடல் இப்போது உறுமுகிறது. முதலில் பப்ளிக் ஆர்ட் ஃபண்ட் என்ற அமைப்பு விளம்பரப் பலகைக்காகக் கேட்டு, பிறகு வேண்டாம் என்றது. குழு தானே காசு கொடுத்து நியூயார்க் பேருந்துகளில் விளம்பர இடம் பிடித்தது. கையில் இருப்பது விசிறி மாதிரித் தெரியவில்லை, படம் விரசமாக இருக்கிறது என்று சொல்லிப் பேருந்து நிறுவனம் குத்தகையை ரத்து செய்தது. ஒட்டி நீள வடிவத்தில் இருக்கும்.

அந்த வடிவம் வாங்குபவருக்குச் சிக்கலும் தரும். லண்டனின் டேட் அருங்காட்சியகம் வைத்திருக்கும் பிரதி 28 சென்டிமீட்டர் உயரம், 71 சென்டிமீட்டர் அகலம். ஏ2 சட்டத்தில் இது அடங்காது. அதன் நீளமே 59.4 சென்டிமீட்டர்தான். ஏ1 சட்டத்தில் நடுவில் வைத்தால் பக்கவாட்டில் ஆறரை, மேலும் கீழும் பதினைந்தரைக்குச் சற்று மேல் என்று வெற்றிடம் விழும்; அதற்கு ஏற்ற அளவில் அமிலமில்லாத அட்டையை வெட்டி வைத்தால் பார்க்க நன்றாகவே இருக்கும். வாங்கும் பதிப்பின் அளவைக் கேட்டுவிட்டுச் சட்டத்துக்குச் சொல்லுங்கள், எல்லாப் பதிப்பும் ஒரே அளவு இல்லை. நேர்வெயில் படும் சுவர் வேண்டாம். மாட்டும் உயரத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்: தலைப்பு அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும், எண்கள் உள்ள வரி தெரியாது. சோபாவுக்கு மேலே தூக்கி மாட்டினால் எண்கள் யார் கண்ணிலும் படாது, ஒட்டி வெறும் அலங்காரமாகிவிடும். எண் வரி கண்மட்டத்தில் இருக்கட்டும்.

எண்கள் ஏன் இத்தனை முக்கியம்? குழுவே திரும்பப் போய் எண்ணியது. 2005இல் பெண் கலைஞர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் பெண்கள் 83 சதவீதம். 2012இல் 4க்கும் குறைவு, 76. இரண்டாவது எண் இறங்கியிருக்கிறது, அதாவது சுவரில் நிர்வாண ஆண்கள் கூடியிருக்கிறார்கள். முதல் எண் 23 ஆண்டுகளில் முன்னேறவே இல்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் மாஸ்ப் அருங்காட்சியகத்துக்காக 2017இல் செய்த பதிப்பில் 6, 60. இப்படி வரிசையாக வைத்துப் பார்க்க முடிவதே இந்த ஒட்டியின் பெரிய பலம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களும் எண்ணப் போகிறவர்கள் முதல் நாளே தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

எந்தக் கூடம் என்பது முதல் கேள்வி. மெட் கணக்கு நவீன கலைப் பிரிவுகளை மட்டும் எடுத்தது. கிரேக்கச் சிற்பக் கூடத்தையும் சேர்த்தால் ஆண் நிர்வாணம் குவிந்து விகிதமே மாறிவிடும். செய்தவர் பெயரே தெரியாத பானையும் முகமூடியும் உள்ள கூடங்களில் கலைஞர் கணக்கே எடுக்க முடியாது. எந்தக் கூடம், எந்தத் தேதி என்று எழுதாத எண்ணை எந்த அருங்காட்சியகமும் ஒரே வரியில் தள்ளிவிடும்.

அடுத்தது, கலைஞர்களை எண்ணுகிறீர்களா, படைப்புகளையா? ஒரு தளத்தில் 60 படைப்புகள், 40 கலைஞர்கள், அவர்களில் 4 பெண்கள், ஆளுக்கு ஒரு படைப்பு என்று வைத்துக்கொள்வோம். கலைஞர் கணக்கில் 10 சதவீதம். படைப்புக் கணக்கில் 7க்கும் குறைவு. இரண்டையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். ஒட்டியில் இருப்பது கலைஞர் கணக்கு, இப்படிப்பட்ட இடங்களில் அது அருங்காட்சியகத்துக்குச் சாதகமான கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிர்வாண உருவங்களை எண்ணுவது தோன்றுகிற அளவுக்கு எளிதில்லை. குளிக்கும் பெண்கள் ஐந்து பேர் உள்ள ஓவியம் ஒன்றா, ஐந்தா? குழந்தை இயேசுவும் இறக்கை முளைத்த பிள்ளைகளும் ஆண் நிர்வாணத்தில் சேருமா? சேர்த்தால் ஆண் எண்ணிக்கை ஊதிப்போகும். இடுப்பில் துணி உள்ளவரை என்ன செய்வது? விதியை உள்ளே நுழையும் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். நடுவில் மாற்றினால் அதுவரை எண்ணியது வீண். இருவர் தனித்தனியே எண்ணி, வெளியே வந்து ஒப்பிட்டு, ஒத்துப்போகாத படைப்புகளின் முன் மட்டும் திரும்பப் போய் நிற்பது நல்ல வழக்கம்.

காட்சியில் இருப்பதும் கிடங்கில் இருப்பதும் வேறு வேறு. 2019இல் அமெரிக்காவின் 18 பெரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை ஆராய்ந்த கட்டுரை, கலைஞர்களில் 85 சதவீதம் வெள்ளையர், 87 சதவீதம் ஆண்கள் என்று மதிப்பிட்டது. அது சேகரிப்பின் கணக்கு. மெட் ஒட்டியின் 5 சதவீதத்தோடு அதை நேராக ஒப்பிடக் கூடாது. அருங்காட்சியகத்தையே கேட்டு எண் வாங்கலாமே என்றால், அதையும் குழு செய்து பார்த்துவிட்டது: 2016இல் லண்டன் வைட்சாப்பல் கேலரியில் வைத்த காட்சிக்காக ஐரோப்பாவின் 383 நிறுவனங்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு நிறுவனங்கள்தான் பதில் சொன்னன. பதில் வராதவற்றையும் ஒரு நிரலில் எழுதத்தான் வேண்டும்.

இனி நிறவெறிக்கு வருவோம். மெட் ஒட்டியின் பெரிய குறை இதுதான். நிறம் பற்றி அதில் ஒரு எண்கூட இல்லை. 5 சதவீதத்துக்கும் குறைவான அந்தப் பெண்களில் கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்று அது சொல்வதில்லை. பெண் ஒரு கணக்கு, நிறம் ஒரு கணக்கு என்று பிரித்து எண்ணினாலும் அதே ஆள்தான் காணாமல் போவாள். ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் 1976இல் நடந்தது அது: நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர், கறுப்பினத்தவரை எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள், ஆகவே கறுப்பினப் பெண்களின் புகார் நிற்காது என்றது நீதிமன்றம். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அந்தத் தீர்ப்பைப் பிரித்துக் காட்டி எழுதியது, இந்த ஒட்டி வந்த அதே 1989இல். எனவே உங்கள் தாளில் இரண்டு சதவீதங்களுக்குப் பதில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: வெள்ளை ஆண், வெள்ளைப் பெண், வெள்ளையர் அல்லாத ஆண், வெள்ளையர் அல்லாத பெண். ஐந்தாவதாக "தெரியவில்லை". இரண்டு பால்களுக்குள் தன்னை வைக்காத கலைஞர் இருந்தால் அவருக்கும் இடம் வேண்டும். விவர அட்டையில் பிறந்த ஊர் இருக்கும், இனம் இருக்காது. பெயரையும் புகைப்படத்தையும் பார்த்து ஊகிக்காதீர்கள். கலைஞர் தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் ஐந்தாம் கட்டத்தில் போடுங்கள்.

இந்தக் குறையைக் குழுவின் வேறொரு ஒட்டி தீர்க்கிறது. 1986இல் வந்தது, படமே கிடையாது. நியூயார்க்கில் கறுப்பினப் பெண்களின் படைப்பைக் காட்டும் வணிகக் கேலரிகள் நான்கே நான்கு, அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவரைக் காட்டுவது ஒன்றே ஒன்று. இரண்டே வாக்கியம், வெள்ளைத்தாளில் தடித்த கறுப்பு எழுத்து. எங்கள் முதல் பரிந்துரை இதுதான். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஹோவார்டினா பிண்டெல் செய்த வேலை. மோமாவில் 1967 முதல் 1979 வரை பணியாற்றிய ஓவியர் அவர். நியூயார்க்கின் அருங்காட்சியகங்களும் கேலரிகளும் வெள்ளையர் அல்லாத கலைஞர்களில் யாரைக் காட்டின என்று நிறுவனம் நிறுவனமாக எண்ணி 1987இல் முன்வைத்தார். முகமூடி இல்லாமல், சொந்தப் பெயரில். முகமூடிக் குழுவில் வெள்ளைப் பெண்களே அதிகம் என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அதை ஒதுக்கிவிட்டு இந்த ஒட்டிகளை மதிப்பிட முடியாது.

தெருவில் ஒட்டுவதற்காகத் தாங்களே ஒன்றைத் தயாரிக்கிறவர்களுக்கு: தாள் மெல்லியதாக இருக்கட்டும், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை போதும். தடித்த தாள் காய்ந்ததும் மூலையில் சுருண்டு எழும்பும். இங்க்ஜெட் அச்சு பசை பட்டதும் கரையும். லேசர் அச்சோ நகல் இயந்திரமோ தாங்கும். ஒரு பங்கு மாவை ஒரு பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று நான்கு பங்கு நீரில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் பசை கண்ணாடி போலாகும். உலர்ந்த மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. தாள் ஈரத்தில் விரியும். விரிந்து முடிவதற்குள் ஒட்டினால் சுருக்கம் விழும். பின்பக்கம் பசை தடவி இரண்டு நிமிடம் விட்டு, சுவரிலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, மேலேயும் ஒரு பூச்சுக் கொடுங்கள். பசை இரண்டு நாளில் புளித்துவிடும். சுவருக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்குங்கள்.

வாசகத்துக்கு அந்த ஆரம்பகால ஒட்டிகளையே பார்த்துக் கற்கலாம். கேலரிகளைப் பற்றியவற்றில் கணக்கு எடுத்த இடம் சிறிய எழுத்தில் இருக்கும்: ஆர்ட் இன் அமெரிக்கா இதழின் ஆண்டுமலர். யாரும் புரட்டிச் சரிபார்க்கலாம். அடியில் "கலையுலகின் மனசாட்சி" என்று கையெழுத்து. 1988இல் வந்த, பெண் கலைஞராக இருப்பதன் 13 அனுகூலங்களைப் பட்டியலிடும் ஒட்டி படிக்கச் சுகமானது, எண்பது வயதுக்கு மேல் புகழ் வரலாம் என்ற வரி மனதில் தைக்கும். ஆனால் அதில் எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை. சுவருக்கு அது போதும்.

எங்கள் இரண்டாவது பரிந்துரை 1985இன் எளிய ஒட்டி: நியூயார்க் அருங்காட்சியகங்களில் சென்ற ஆண்டு தனிக்காட்சி பெற்ற பெண்கள் எத்தனை பேர்? குகன்ஹைம் 0, மெட்ரோபாலிட்டன் 0, மாடர்ன் (அதாவது மோமா) 1, விட்னி 0. இதை எண்ணுவதற்கு உள்ளே போக நுழைவுச்சீட்டுகூட வேண்டாம், ஆண்டின் காட்சிப் பட்டியல் போதும். தடுக்கி விழும் இடமும் குறைவு. முப்பது ஆண்டு கழித்து 2015இல் குழு அதே நான்கு பெயர்களை எண்ணியபோது 1, 1, 2, 1. வாங்குவதென்றால் இரண்டு ஆண்டும் சேர்ந்து அச்சான பதிப்பை வாங்குங்கள். சட்டம் போடும்போது ஒட்டிக்குக் கீழே ஒரு கையகலம் வெற்று அட்டை விடச் சொல்லுங்கள். அடுத்த கணக்கைத் தேதியோடு பென்சிலால் எழுத அந்த இடம் வேண்டியிருக்கும்.